நாலாவது ரீல்

கிளேட்டன்
12.6.1976

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான் நல்ல சுகம், இந்த ஊர்க் குளிர்தான் எலும்புக்குள் போகிறது. நீங்கள், அத்தான், கமலினி மூன்று பேரும் எப்படி? மே லீவு முடிந்து அவளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கியிருக்கும்.

ஒரு அலுவலாக எழுதுகிறேன். எங்கள் யூனிவர்சிற்றியில் ஒரு படச் சங்கம் இருக்கிறது. மாதம் ஒரு வெளிநாட்டுப் படம் போடுவார்கள். ஆகஸ்டுக்கு ஒரு ஜெர்மன் படம் எடுத்திருக்கிறார்கள். ஹம்பேர்க்கில் ஒரு கப்பல் முதலாளியின் பிள்ளையைக் கடத்திக்கொண்டு போய்ப் பணம் கேட்கிற கதை. வந்த பிரதியில் கீழே ஆங்கில எழுத்து இல்லை. நான் ஸ்ருட்கார்ட்டில் படித்தவன் என்று யாரோ சொல்லி, சங்கத் தலைவன் பீற்றர் என்னைத் தேடி ஆராய்ச்சிக் கூடத்துக்கே வந்துவிட்டான். படம் ஓட ஓட நான் மைக்கில் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு போகவேண்டுமாம். வீம்புக்கு ஓம் என்றுவிட்டேன்.

இப்போது என்னவென்றால், ஐந்து ரீலில் நாலாவதைக் காணவில்லை. அது சிட்னியில், படம் வாடகைக்குக் கொடுக்கிற களஞ்சியத்தில் தவறிக் கிடக்கிறதாம். ஆள் நேரில் வந்து கையெழுத்து வைத்து எடுக்கவேண்டும் என்கிறார்கள். அத்தான் ஒருநாள் வேலை முடிந்து வரும்போது அதை எடுத்து, சென்றல் ஸ்ரேஷனில் பார்சல் போட்டுவிட்டால் போதும். விலாசம் தனித்தாளில் வைத்திருக்கிறேன்.

ஆகஸ்டில் மூன்று பேரும் இங்கே வாருங்கள். கமலினியின் இரண்டு வரி இல்லாமல் கடிதம் அனுப்பவேண்டாம். போனமுறை அவள் கீறி அனுப்பிய பூனைப் படம் என் மேசைக்கு மேலே இருக்கிறது.

எல்லாருக்கும் என் அன்பு.
தம்பி, குமார்


நார்த்மீட்
21.6.1976

அன்புள்ள தம்பி குமாருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் சுகமாக இருக்கிறேன். நீ கழுத்தைச் சுற்றி ஏதாவது கட்டிக்கொண்டு திரி. சின்னனில் இருந்தே உனக்குத் தொண்டைதான் முதலில் பிடிக்கும்.

ஆஸ்பத்திரியில் ஆட்கள் குறைவு. பக்கத்து வார்ட்டையும் நான்தான் பார்க்கிறேன். வீட்டுக்கு வந்தால் கதிரையில் இருந்தபடியே நித்திரை.

அத்தானுக்கு இப்போது வசதிப்படாது. பிறகு பார்ப்போம். கமலினி இந்தமுறை எழுதவில்லை, குறை நினைக்காதே.

அந்தப் படத்தில் பிள்ளைக்கு என்ன வயது?

நேரத்துக்குச் சாப்பிடு.
அக்கா


கிளேட்டன்
30.6.1976

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம், தொண்டையும் சுகம். உங்கள் கடிதம் தந்தி மாதிரி இருந்தது.

படத்தில் பிள்ளைக்கு ஆறு வயது இருக்கும். பெடியன். பனியில் சறுக்கு வண்டியோடு விளையாடிக்கொண்டிருப்பான். அடுத்த காட்சியில் வண்டி மட்டும் நிற்கும். நன்றாகத்தான் எடுத்திருக்கிறார்கள். பிறகு ரெலிபோன் வரும், பொலிஸ் வரும். பணத்துக்குப் பதிலாகப் பைக்குள் வெறும் தாளை அடைத்து அனுப்பு என்று இன்ஸ்பெக்டர் சொல்கிறான். தகப்பனும் ஓம் என்கிறான். மூன்றாவது ரீல் அதோடு முடிகிறது. ஐந்தாவது ரீலைப் போட்டால் எல்லாரும் கோட்டில் நீதிபதிக்கு முன்னால் நிற்கிறார்கள். பையை ஆர் கொண்டுபோனது, பிள்ளை கிடைத்ததா இல்லையா, ஒரு இழவும் விளங்கவில்லை. நான் எதைச் சொல்ல, எதை விட?

அத்தானுக்கு வசதிப்படாது என்றால் என்ன அர்த்தம், அக்கா? அவர் வேலை செய்கிற இடத்திலிருந்து அது பஸ்ஸில் போகிற தூரம்தானே. களஞ்சியத்துக்கு ரெலிபோன் எடுத்துக் கேட்போமா என்றால் பீற்றர் சிரிக்கிறான், உனக்கு சிட்னியில் ஆட்கள் இருக்கிறார்கள் என்றாயே என்கிறான். தயவுசெய்து அவரிடம் இன்னொருதரம் சொல்லுங்கள்.

அவசரத்தில் முடிக்கிறேன். கமலினிக்கு ஒரு முத்தம்.
குமார்


நார்த்மீட்
19.7.1976

அன்புள்ள தம்பி,

பதில் பிந்திவிட்டது. சுகத்துக்குக் குறைவில்லை. நீயும் சுகமாக இருக்கிறாய் என்று நினைக்கிறேன்.

நீ எழுதியதை இரண்டுமூன்றுதரம் வாசித்தேன். பொலிசைப் பற்றி எழுதியிருக்கிறாய், தகப்பனைப் பற்றி எழுதியிருக்கிறாய். தாய் என்று ஒருத்தி இருப்பாளே. அவள் என்ன செய்கிறாள்? ரெலிபோன் வரும்போது அவளைக் கதைக்க விடுகிறார்களா? பிள்ளையின் குரலை ஒருக்காவாவது கேட்க விடுகிறார்களா?

ரீல் விஷயம் என் நினைவில் இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா, யோகா


கிளேட்டன்
25.7.1976

அக்காவுக்கு,

சுகம் விசாரித்து எழுதுகிற மனநிலையில் நான் இல்லை. மன்னியுங்கள்.

சனிக்கிழமை உங்கள் வீட்டுக்கு ரெலிபோன் எடுத்தேன். ஆரும் எடுக்கவில்லை. ஞாயிறு காலமை எடுத்தேன், மத்தியானம் எடுத்தேன், பின்னேரமும் எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமையில் அத்தான் வீட்டில்தானே இருப்பார்? மணி அடிக்கிறதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தாரா? நான் அவருக்கு என்ன செய்தேன்? போன தைப்பொங்கலுக்கு வந்தபோது வேலையைப் பற்றி ஏதோ கேட்டுவிட்டேன் என்று மனதில் வைத்திருக்கிறாரா? அப்படியென்றால் நேரே சொல்லச் சொல்லுங்கள்.

தாய் என்ன செய்கிறாள் என்று கேட்கிறீர்கள். முதல் மூன்று ரீலிலும் அவள் ரெலிபோனுக்குப் பக்கத்தில் இருந்து அழுகிறாள். அவளுக்குப் பேச்சே இல்லை. மணி அடித்தால் எழும்புவாள், இன்ஸ்பெக்டர் கையைக் காட்டுவான், திரும்ப இருப்பாள். மிச்சம் எல்லாம் அந்த நாலாவது ரீலில் இருக்கிறது. அதைத்தானே நான் ஜூன் மாதம் தொடக்கம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உங்களால் ஏலாது என்றால் ஏலாது என்று ஒரு வரி எழுதுங்கள். நான் வேறு வழி பார்க்கிறேன்.

குமார்


நார்த்மீட்
4.8.1976

அன்புள்ள தம்பிக்கு,

நீ கோபமில்லாமல் சுகமாக இருக்கவேண்டும்.

நேற்று நானே போய் ரீலை எடுத்து சென்றலில் பார்சல் போட்டேன். ரசீது இதோடு இருக்கிறது. களஞ்சியத்தில் இருந்த மனுஷன், பாரமான சாமான், புருஷன் வரவில்லையா என்று கேட்டான். அவர் ஊரில் இல்லை என்றேன். நோயாளிகளைத் தூக்கிப் பழகியவள், இது எனக்குப் பாரமில்லை என்றேன். இரண்டு பஸ் மாறி அதை மடியில் வைத்துக்கொண்டு போனேன். மடியில் ஒன்று இருந்தது எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது.

போட்டுப் பார்த்த உடனே தாய் என்ன செய்கிறாள் என்று எனக்கு எழுது. ஒன்றும் விடாமல் எழுது.

அத்தானுக்கு உன்மேல் ஒரு கோபமும் இல்லை.

அக்கா


ஹோம்புஷ்
9.8.1976

இந்திரகுமார் தம்பிக்கு,

வேதவல்லி எழுதிக்கொள்வது. நல்லா இருப்பீங்கன்னு நம்புறேன். உங்களுக்கு என்னைத் தெரியாது. எனக்குச் சொந்த ஊர் கும்பகோணம். யோகா வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில ரத்தம் டெஸ்ட் பண்ற லேப்ல இருக்கேன். உங்க விலாசத்தை யோகாவுக்குத் தெரியாம ஒரு கவர்லேருந்து எழுதிக்கிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை யாரும் போனை எடுக்கலைன்னு கோபமா எழுதியிருந்தீங்களே, அந்தக் கடிதத்தை யோகா எங்க வீட்டுலதான் படிச்சா. படிச்சிட்டு மடிச்சு வெச்சிட்டா. அந்த வீட்டுல அவளால இருக்க முடியல, அதனால லீவு நாள்ல இங்க வந்துடுறா. யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கா. உங்களுக்கு மட்டும் அதை மீறுறேன்.

மே லீவுல உங்க அத்தான் குழந்தையைக் கூட்டிக்கிட்டு கொழும்பு போனார். பாட்டிக்குக் காட்டிட்டு லீவு முடியறதுக்குள்ள வந்துடுறேன்னு சொல்லிட்டுத்தான் போனார். வரல. போன்ல சொன்னாராம்: "வேலையை விட்டுட்டு இங்க வந்துடு. வந்தா பிள்ளை உன்கிட்ட. இல்லன்னா அவ இங்கயே வளரட்டும்." அவ்வளவுதான்.

உங்களுக்குத் தெரியுமோ என்னமோ, அங்க இன்ஜினியரா இருந்தவருக்கு இங்க அந்தப் படிப்பை ஏத்துக்கல. பெட்டி அடுக்கற வேலைதான் பார்த்துக்கிட்டிருந்தார். இவளுக்கு சிஸ்டர் உத்தியோகம் உயர்ந்துகிட்டே போச்சு. அவர் கெட்டவர்னு நான் சொல்லல. ஆனா செஞ்சது சரியில்ல.

யோகா எங்க வீட்டுலேருந்து கொழும்புக்கு டிரங்க் கால் புக் பண்ணிட்டுக் காத்திருப்பா. லைன் வந்தா அவர்தான் எடுப்பார். குழந்தை தூங்குது, குழந்தை கோயிலுக்குப் போயிருக்கு. இன்னிவரைக்கும் ஒரு தடவைகூடப் பேச விடல.

உங்க அக்காகிட்ட ரீல் பத்தி இனிமே கேக்காதீங்க. வேற ஏதாவது கேளுங்க.

இப்படிக்கு,
வேதவல்லி


கிளேட்டன்
15.8.1976

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் சுகமில்லை என்று எனக்குத் தெரியும். வேதவல்லி அக்கா எழுதிவிட்டா. அவவோடு கோபிக்கவேண்டாம்.

கடிதம் கைக்கு வந்தது படம் போடுகிற அன்று மத்தியானம். நான் போகாமல் நின்றிருக்கவேண்டும், ஆனால் மண்டபம் நிறைய ஆட்கள். நாலாவது ரீலை முன்னமே போட்டுப் பார்க்க மெஷின் கிடைக்கவில்லை. மூன்றாவது ரீல்வரை ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு போனேன். நாலாவதில் அந்தத் தாய் இன்ஸ்பெக்டரின் மேசையில் இருந்த பையைத் தூக்கிக்கொண்டு, ஒருத்தருக்கும் சொல்லாமல், தனியாகத் துறைமுகத்துக்குப் போகிறாள். அங்கே ஒரு ரெலிபோன் பெட்டி. மணி அடிக்கிறது. எடுத்து, "பணத்தைப் பிறகு கதைப்போம், முதலில் பிள்ளையைக் கூப்பிடு" என்கிறாள். படத்தில் அவளுடைய முதல் வசனம் அதுதான். எளிய ஜெர்மன்தான். ஆனால் குரல் வரவில்லை. அவள் கதைத்துக்கொண்டே இருக்கிறாள், நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்கிறேன். ஆட்கள் காலால் நிலத்தில் அடித்தார்கள். பீற்றர் ஓடி வந்து மைக்கை வாங்கி, இயந்திரக் கோளாறு என்று சொன்னான். நான் வெளியே போய்விட்டேன்.

அவள் போன இடத்தில் பிள்ளை இருந்ததா என்று நான் பார்க்கவில்லை.

இனி இதைக் கேளுங்கள். என்னோடு படித்த சிவபாலன் கொழும்பில், வெள்ளவத்தையில் இருக்கிறான், அவனிடம் கார் உண்டு. கமலினி எந்தப் பள்ளிக்கூடம் என்று அவன் விசாரிப்பான். நான் லீவு போட்டுப் போகிறேன். பள்ளிக்கூடம் விடுகிற நேரம் மாமா வந்திருக்கிறேன் என்றால் அவள் ஓடி வருவாள். நேரே கட்டுநாயக்கா ஏர்போட். அத்தானுக்குத் தெரிய வரும்போது பிளேன் கிளம்பியிருக்கும். ஓம் என்று ஒரு சொல் எழுதுங்கள், மிச்சத்தை நான் பார்க்கிறேன்.

மூன்று மாதமாக நீங்கள் அங்கே தனியாக இருந்திருக்கிறீர்கள். நான் உங்களோடு ரீலுக்குச் சண்டை பிடித்திருக்கிறேன்.

தம்பி, குமார்


நார்த்மீட்
24.8.1976

அன்புள்ள என் தம்பிக்கு,

சுகமாக இருக்கிறேன் என்று இனி உனக்குப் பொய் எழுதத் தேவையில்லை. நடமாடுகிறேன், வேலைக்குப் போகிறேன். வேதவல்லியில் கோபம் இருந்தது. ஆறிவிட்டது.

கார், பள்ளிக்கூட வாசல், சிவபாலன் எல்லாவற்றையும் விடு. பிள்ளையை ஒருதரம் தூக்கியாகிவிட்டது. அவளை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாம்தரமும் அவளை அப்படித் தூக்க நான் விடமாட்டேன், உன்னையும்தான்.

நான் சும்மா இருக்கவில்லை. இந்த வருஷம்தான் இங்கே குடும்ப வழக்குக்கென்று தனிக் கோடு வந்திருக்கிறது. ஒரு லோயரைப் பிடித்துப் போனேன். கமலினி என் பொறுப்பு என்று தீர்ப்பு வந்தது. லோயர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இந்தத் தாளைக் கொழும்பில் ஒருவரும் மதிக்கமாட்டார்கள் என்றும் அதே மூச்சில் சொன்னார்.

கமலினியின் பெயர் அத்தானின் பாஸ்போட்டில்தான் இருக்கிறது. அவள் இங்கே பிறந்த பிள்ளை, தீர்ப்பும் இருக்கிறது, அதனால் தனிப் பாஸ்போட் எடுக்கலாம் என்றார்கள். போன வருஷம் எடுத்த படத்தைக் கொண்டுபோனேன். கவுண்டரில் இருந்த பெடிச்சி அதைத் திருப்பித் தந்து, படம் பழசு, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றாள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரத்தான் பாஸ்போட் கேட்கிறேன் என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. மேலாளர் வந்தார், அவருக்கும் முதலிலிருந்து சொன்னேன். இன்னொரு நாள் வரச் சொன்னார்கள். நாலுதரம் போய்விட்டேன். கத்தவேண்டும் போல இருந்தது, குமார். கத்தினால் வெள்ளைக்காரச் சனம் என்ன நினைக்கும் என்று அதையும் செய்யவில்லை.

பாஸ்போட் கிடைத்த உடனே நான் போவேன். ஒளித்து அல்ல. முன்வாசலால் போவேன்.

நீ என்னோடு சண்டை பிடித்ததை நினைத்து வருந்தாதே. உன் கடிதம் வந்த நாட்களில் வீட்டில் ஆரோ கதைக்கிற மாதிரி இருந்தது.

அக்கா, யோகா


வெள்ளவத்தை
17.10.1976

அன்புள்ள தம்பிக்கு,

பயணம் சுகமாக முடிந்தது. என்னோடு நேர்ஸிங் படித்த இரஞ்சிதத்தின் வீட்டில் தங்கியிருக்கிறேன். மாமி வீடு இரண்டு ஒழுங்கை தள்ளி.

போன முதல்நாள் மாமிதான் கதவைத் திறந்தா. வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அத்தான் கதிரையில் இருந்தார், மெலிந்துபோனார். கமலினி அவருக்குப் பின்னால் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தார்கள். ஓடி வருவாள் என்று நான் கையை நீட்டினேன். அவள் அசையவில்லை.

"நீங்கள் ஏன் ஒருக்காலும் ரெலிபோன் எடுக்கேல்லை?" என்று கேட்டாள்.

அம்மா மறந்துவிட்டா என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். நான் அத்தானைப் பார்த்தேன். அவர் மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தார். வேதவல்லி வீட்டில் நான் காத்திருந்த ஒவ்வொரு நாளும் வாய்க்குள் வந்தது. சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே அவள் என் பக்கம் வந்திருப்பாள். தகப்பன் இல்லாமலும் போயிருப்பாள்.

"எடுத்தனான் பிள்ளை. லைன் கிடைக்கேல்லை" என்றேன்.

அவள் நம்பினாளோ தெரியாது. ஒவ்வொரு பின்னேரமும் போகிறேன். தேத்தண்ணி தருகிறார்கள். வேலையை விட்டுவிட்டு இங்கே இரும் என்கிறார் அத்தான். நீங்கள் அங்கே வாருங்கள் என்கிறேன் நான். அதோடு பேச்சு நின்றுவிடும். தீர்ப்பும் பாஸ்போட்டும் என் கைப்பையில் இருப்பது அவருக்குத் தெரியும், முதல்நாளே காட்டிவிட்டேன். அவர் முந்தி வேலை செய்த கந்தோருக்குப் போய் வேலை கேட்டாராம், அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டான். காலமை உடுப்புப் போட்டுக்கொண்டு எங்கேயோ போய்விட்டு வருகிறார். நீண்ட லீவில் நிற்கிறார் என்று மாமி அயலுக்குச் சொல்கிறா.

கைகலப்பாக ஒரு சண்டை வந்தாலாவது ஒரு முடிவு வரும். ஒன்றும் வராமல் தேத்தண்ணி மட்டும் வருகிறது.

அக்கா


கிளேட்டன்
8.11.1976

அன்புள்ள அக்காவுக்கு,

உங்களுக்கும் கமலினிக்கும் சுகம் கிடைக்கட்டும். உங்கள் கடிதத்துக்குப் பிறகு ஒன்றும் இல்லை. வேதவல்லி அக்காவுக்கும் இல்லை. உங்கள் லீவு முடிகிறது, ஆஸ்பத்திரியில் கேட்கிறார்களாம். இரஞ்சிதம் அக்காவின் நம்பருக்குக் கோல் புக் பண்ணினேன், ஐந்து மணித்தியாலம் காத்திருந்தேன், கிடைக்கவில்லை. நீங்கள் கமலினிக்குச் சொன்ன பொய் எனக்கு உண்மையாகவே நடக்கிறது.

கையில் தீர்ப்பு இருக்கிறது, பாஸ்போட் இருக்கிறது. இன்னும் எதற்குக் கெஞ்சிக்கொண்டு நிற்கிறீர்கள்? நான் வரட்டா? அத்தானின் முகத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கவேண்டும். ஒரு வரியாவது எழுதுங்கள்.

குமார்


நார்த்மீட்
5.12.1976

அன்புள்ள தம்பி குமாருக்கு,

நாங்கள் இரண்டு பேரும் சுகம். கமலினி குசினி மேசையில் இருந்து பாண் சாப்பிடுகிறாள். உனக்கு எழுதுகிறாயா என்று கேட்டேன், இன்னும் மனமில்லை என்கிறாள். வற்புறுத்தவில்லை.

என்ன நடந்தது என்று கேட்பாய். ஒருநாள் மத்தியானம் அத்தான் இரஞ்சிதத்தின் வீட்டுக்குத் தனியாக வந்தார். அதுவரை வந்ததில்லை.

"நீர் அண்டைக்கு அவளுக்கு, லைன் கிடைக்கேல்லை எண்டு சொன்னனீர்" என்றார்.

"ஓம்" என்றேன்.

"ஏன்?"

"அவளுக்கு அப்பா வேணும்" என்றேன்.

அவர் அழுதார். கலியாணம் முடித்த நாள் தொடக்கம் அவர் அழுது நான் கண்டதில்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு பிளேன் ரிக்கற் எப்போதைக்கு என்று கேட்டார். தான் இனி அங்கே வந்து பெட்டி அடுக்க ஏலாது, இங்கேயே ஏதாவது பார்க்கிறேன் என்றார். நான் மறித்துக் கதைக்கவில்லை. சிட்னியில் எட்டு வருஷம் அவர் எப்படி வேலைக்குப் போய் வந்தார் என்று பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான்தானே.

கேட்டது ஒன்றுதான். கோட்டுத் தாளைக் காட்டிப் பெண்சாதி பிள்ளையைப் பறித்துக்கொண்டு போனாள் என்று வந்தால், அந்த ஒழுங்கையில் தலைகாட்ட ஏலாது. "நான் அனுப்பி வைச்சனான் எண்டு இருக்கட்டும்" என்றார். சரி என்றேன். மாமிக்கு முன்னால் அவரே சொன்னார். கட்டுநாயக்காவுக்கு அவரே கூட்டிக்கொண்டு வந்தார். பிள்ளையின் பையை உள்ளே விடும்வரை கையில் வைத்திருந்தார். கமலினி அவரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள், நடை பிந்தினாள், ஆனால் என் கையை விடவில்லை.

நீ அவரிடம் ஒரு கேள்வி கேட்கவேண்டும் என்று எழுதியிருந்தாய். கேட்காதே. கிறிஸ்மஸ் லீவில் நீ வருவாய், வேதவல்லி வீட்டில் நாலு தமிழ்ச் சனம் கூடும், விசாரிப்பார்கள். கமலினியை இங்கே படிக்கட்டும் என்று அத்தான்தான் அனுப்பி வைத்தார் என்று சொல். வேதவல்லியிடமும் சொல்லியிருக்கிறேன். அவ முகத்தைத் திருப்பிக்கொண்டா, ஆனால் ஓம் என்றா.

உனக்கு அது வாயில் வராது என்று எனக்குத் தெரியும். எனக்கும் முதல்நாள் வரவில்லை. சொல்லச் சொல்ல வரும்.

இன்னும் பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் கமலினி வளர்ந்து, என்னிடம் கேட்க ஏலாமல், அந்த வருஷம் என்ன மாமா நடந்தது என்று உன்னிடம்தான் வந்து கேட்பாள். அவளுக்கும் அதையே சொல்.

அன்புடன்
அக்கா, யோகா